ஏர்பேக் மூடியில் நான் ஒட்டிய தகடு

முழங்கால் இரண்டும் டேஷ்போர்டுக்குக் கீழே சிக்கியிருந்தன. ஸ்டியரிங் நெஞ்சை அழுத்தியது. கண் நிறைய ஏர்பேக் வெடித்த வெள்ளைத் தூள். பக்கத்து சீட்டில் இருந்த மல்லிகாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

பிரியமானவர்களே, நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரி, இறால் பண்ணை, மீன் வண்டி என்று அலைந்து, கடைசியில் மாமல்லபுரத்தில் ஒரு தனியார் ஆம்புலன்ஸுக்கு டிரைவரானேன். மல்லிகா அதில் நர்ஸ். அவள் சீட்டுக்கு எதிரே, ஏர்பேக் மூடியின் மேல் இரும்புத் தகடு ஒன்றை ஒட்டி, சைரன் பெட்டியை அதில் மாட்டியிருந்தேன். தட்டையான, வசதியான இடம். நோயாளியை ஏற்றியதும் அந்தப் பெட்டிமேல் கை வைத்து ஜெபித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

"அண்ணாத்த, ஏர்பேக் வெடிச்சா அது நேரா என் மூஞ்சிக்குத்தான் வரும். எடுத்துடு."

"ஜெபம் பண்ண பொருளு. ஒண்ணும் ஆவாது."

"ஜெபம் உன்துதான். மூஞ்சி என்துல்ல?"

பெட்டி ரிப்பேருக்குப் போனது. தகடு அங்கேயே இருந்தது. நாளைக்கு எடுக்கிறேன் என்று பத்து நாள் சொன்னேன்.

ஈஸ்டர் கழிந்த இரண்டாம் செவ்வாய், மத்தியானம். செங்கல்பட்டில் நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மாடு ஒன்று குறுக்கே வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். புளியமரத்தில் மோதினோம்.

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆனால் தகடு எங்கே பாய்ந்திருக்கும் என்று தெரியும். ஒட்டியவன் நான். அவளுக்கு இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள்.

"ஆண்டவரே, என் காலை எடுத்துக்கொள்ளும். என் கை செய்த வேலைக்கு அவளைப் பலி கொடுத்துவிடாதேயும்."

இதையே திரும்பத் திரும்பக் கத்தினேன். வேறு ஜெபம் வரவில்லை.

"கத்தாத அண்ணாத்த... காது அடச்சிகினு கீது."

"மல்லிகா! தகடு?"

"ஆஸ்பத்திரில நீ டீ குடிக்கப் போனியே, அப்பவே கட்டு வெட்ற கத்தரியால பேத்து பின்னாடி டூல்ஸ் பெட்டில போட்டுட்டேன். உன்கிட்ட கேட்டா எடுப்பியா இன்னா?"

கறுப்பு டேஷ்போர்டில் கறுப்புத் தகடு. அது இல்லாததை நான் கவனிக்கவே இல்லை.

ஊர்க்காரர்கள் கடப்பாரையால் நெம்பி என்னை வெளியே எடுத்தார்கள். அவளுக்கு மூக்கு வீங்கியதோடு சரி. என் வலது கால் இன்னும் இழுக்கிறது.

நான் அன்று கேட்டதை ஆண்டவர் ஒரு மணி நேரம் முன்பே செய்து முடித்திருந்தார். என்னிடம் பத்து நாள் பேசியவரும் அவரே. மல்லிகாவின் வாயால் பேசினார், எனக்குத்தான் கேட்கவில்லை. அவரை நம்புங்கள். அவர் யார் மூலம் எச்சரித்தாலும் காது கொடுங்கள். புது வண்டியில் சைரன் பெட்டி இரண்டு சீட்டுக்கும் நடுவே, கீழே இருக்கிறது. இப்போது ஜெபிக்கக் குனிய வேண்டியிருக்கிறது. குனிகிறேன்.