மீன் வாயில் போன டிரை ஃப்ளை

செல்போன் கம்பெனி லைனில் வருஷக்கணக்காக நின்று நின்றே எழிலரசிக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அதனால் வல்லக்கோட்டைப் பக்கம் ஜெபகுமாரின் ஷெட்டுக்கு வேலை கேட்டுப் போனபோது அவள் முதலில் பார்த்தது நாற்காலியைத்தான். அங்கே தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, மீனை ஏமாற்றும் பொய் ஈ கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை! எப்பாடு பட்டாவது இது கிடைத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஒரு டிரை ஃப்ளை கட்டிக் காட்டும்மா. சரியா வந்தா வேலை உனக்கு" என்றார் ஜெபகுமார்.

'ட்ரையல் பீஸ்', 'ட்ரையல் ரன்' என்றே கேட்டுப் பழகிய காது அவளுடையது. ட்ரைதானே, சும்மா கட்டிப் பார்ப்பதுதானே என்று கைக்கு வந்த மெத்தென்ற பெட்டைக்கோழி இறகைச் சுற்றி நீட்டினாள். அழகாகத்தான் இருந்தது. ஜெபகுமார் அதைத் தண்ணீர் டம்ளரில் போட்டார். விறுவிறுவென்று அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இன்னா சார், மூழ்கிப் போச்சு?"

"டிரைன்னா காஞ்சது. நனையாம தண்ணி மேல மிதக்கணும், அதான் டிரை ஃப்ளை. இந்தா, முள்ளு ஒண்ணு தரேன். திங்கக்கிழமை கட்டிக் கொண்டா. வேற முள்ளு தர மாட்டேன், அதோட சரி."

வெட்கத்தை விட அவளுக்கு ஆச்சரியம்தான் அதிகம். இரும்பு முள் எப்படி மிதக்கும்? ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நாட்டுச்சேவலின் கழுத்து இறகைக் கேட்டு வாங்கினாள். விறைப்பான இறகு. வீட்டுக் கட்டிங் பிளேயரில் முள்ளைக் கவ்வவைத்து, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, நெருக்கமாகச் சுற்றினாள். இழைகள் நாலாபக்கமும் சிலிர்த்துக்கொண்டன. டம்ளரில் போட்டால், அடேயப்பா, நுனிக்காலில் நிற்பதுபோல் நின்றது!

"மீனு இத்த நம்புமா?" என்றாள் புருஷன் பிரசன்னாவிடம்.

"உனுக்கு இன்னாத்துக்கு அந்த ஆராய்ச்சி? பத்திரமா எடுத்து வை."

கேட்கிற ஆளா அவள்? தையல் நூலில் கட்டி எடுத்துக்கொண்டு சாயங்காலமே ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். ஈ தண்ணீரில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. திடீரென்று ஒரு வாய் மேலே வந்தது. நூல் அறுந்தது. ஈயைக் காணோம்.

"வேலையும் அதோட போச்சு" என்றான் பிரசன்னா. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

திங்கட்கிழமை வெறுங்கையோடு போய் நின்றாள்.

"எங்கம்மா ஈ?"

"மீன் வாயில கீது சார்."

ஜெபகுமார் நிமிர்ந்தார். "நிஜமாவா? மேல வந்து கவ்விச்சா?"

"வாயப் பொளந்துகினு வந்துச்சு சார். நான் பாத்தேன்."

"நான் இத்தனை வருஷமா அனுப்பறேன், ஒரு தடவகூடப் பாத்ததில்ல" என்றவர், ஒரு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"அப்புறம் ஏன் நிக்கிற? உக்காரு."