கலெக்டர் போட்ட கீறல்

பாஞ்சாலிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று பட்டினப்பாக்கம் மீன் சந்தையில் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். அவளுக்குப் பயம் நிறையவே உண்டு. வாய் அதைவிடப் பெரியது, அவ்வளவுதான். இருபது வருஷமாக அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து, அடையாறிலிருந்தும் அபிராமபுரத்திலிருந்தும் வரும் ஜனங்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிறாள். "சங்கராவ வாங்கினு வந்து வஞ்சிரம் மாரி பீஸ் போடுன்னா எப்டி சார்?" என்று அவள் போடும் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும்.

அந்த வாய் ஒரு மாதமாக மூடிக் கிடந்தது. வலது அக்குளில் நெறி கட்டியிருந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு, பத்தே நாளில் எலுமிச்சம்பழம். குளிக்கும்போது கை தானாக அங்கே போகும், தொட்டவுடன் வெடுக்கென்று திரும்பி வரும். புற்று என்ற சொல்லை மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

சாவுக்குப் பயப்பட்டாள், சந்தேகமே இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் அன்புக்கரசிக்குத் தன் கிட்னி ஒன்றைக் கொடுத்திருந்தாள். அந்தப் பாழாய்ப்போன நோய் அப்போதே தன் உடம்பில் இருந்திருந்தால், கிட்னியோடு சேர்ந்து மகள் வயிற்றுக்குள்ளும் போயிருக்குமே! இதை யாரிடம் போய்க் கேட்பது? மகளிடம் மூச்சு விடாமல், மீன் ஏற்ற காசிமேடு போவதாகச் சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இளம் டாக்டர் ஒருவர் காகிதத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். இருமல் உண்டா, எடை குறைந்ததா, சர்க்கரை இருக்கிறதா.

"வீட்ல பூனை, நாய் ஏதாவது வளக்கிறீங்களாம்மா?"

"இல்லீங்க."

அவர் எழுதிக்கொண்டார். கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அந்த ஒரு வாரத்தை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. சோறு இறங்கவில்லை. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அன்புக்கரசி தினமும் மாத்திரை போடுவாள். அதை வாயில் போடும்போதெல்லாம் பாஞ்சாலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளும் அந்த வாரம் சரியாகப் பேசவில்லை. தெரிந்துவிட்டதோ என்று பாஞ்சாலி ஆஸ்பத்திரிச் சீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள்.

முடிவு வாங்கப் போன அன்று ஸ்ரீரஞ்சனி என்ற பெரிய டாக்டரம்மா இருந்தார். "புத்துநோய் இல்லம்மா," என்றதும் பாஞ்சாலி மேஜையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்து, டாக்டரம்மா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன கீறல்?"

"கலெக்டர் போட்டதுங்க."

"கலெக்டரா?"

"பூனைங்க. டெய்லி கரெக்டா வந்து மீன் தலைய வசூல் பண்ணினு போவும். அதான் அந்தப் பேரு."

"பூனை வளக்கலன்னு இதுல எழுதியிருக்கே?"

"நான் எங்கம்மா வளக்கிறேன்? அதுவா வருது, துண்ணுது, போவுது. குட்டிங்க கூட எங்க ஹவுசிங் போர்டு படிக்கட்டுலதான் கீது."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த வருஷம் உங்க கரையோரத்துலேர்ந்து ஆறு பேரு வந்தாங்க. ஆறு பேரும் பூனை இல்லன்னுதான் சொன்னாங்க. தப்பு எங்க மேல. வளக்கிறீங்களான்னு கேட்டிருக்கக் கூடாது." பூனையின் நகத்தில் இருக்கும் கிருமி கீறல் வழியாக உள்ளே போய் நெறி கட்ட வைக்கும் என்றார். "குட்டிங்ககிட்டதான் ஜாஸ்தி. பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல தானா வடிஞ்சிடும், பயப்படாதீங்க. எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து. ரத்தத்துல கலந்து ஈரல் வரைக்கும் போயிடும். உறுப்பு மாத்திக்கிட்டு அதுக்கு மாத்திரை சாப்பிடுறவங்க, அப்படி வீட்ல யாராவது..."

பாஞ்சாலி எழுந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து குட்டிகளை மடியில் போட்டுக் கொஞ்சுவது யார்? அவள் மகள்தான்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், அதைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு நான்கு மாடியும் மூச்சு வாங்க ஏறினாள். அன்புக்கரசி பகலிலேயே போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். பாஞ்சாலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்: கட்டி, ஊசி, பூனை. மகள் பின்னலைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள். காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீங்கியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"எத்தினி நாளா கீது?"

"மூணு வாரம்."

"ஏன்டீ சொல்லல?"

"நீ குடுத்த கிட்னி கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேம்மா. அத்த எப்டி உன் கைல சொல்றது?"

பாஞ்சாலி அதே ஆட்டோவில் மகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். டாக்டரம்மா உடனே வார்டில் சேர்த்து மருந்து ஏற்றினார். இதற்கு மருந்து இருக்கிறது, கிட்னிக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும் என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தாயின் பக்கம் அன்புக்கரசி திரும்பினாள்.

"எம்மா, உனுக்குப் பயமா கீதா?"

வேறொரு நாளாக இருந்தால், எனக்கென்ன பயம் என்று வார்டே அதிரக் கத்தியிருப்பாள்.

"கீதுடீ. ரொம்பப் பயமா கீது."

"எனுக்கும்."

அன்புக்கரசி ஒருக்களித்துக் கட்டிலில் இடம் விட்டாள். பாஞ்சாலி அவளருகில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை முடிவு வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.