ஒரு கோடியே ஒன்று

மாட்டுங்காவில் என் வகுப்புக்கு ஒரு கணக்குத் தேர்வு வைத்தேன். 1,00,00,001 பகா எண்ணா? ஆம் என்பதே விடை என்று நினைத்திருந்தேன். ‘இல்லை’ என்று எழுதிய தாராவிப் பெண்ணுக்கு முட்டை போட்டேன்.

மறுநாள் அவளுடைய அப்பா அவளை இழுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தார்.

“இவ, டீச்சர் போட்டதே தப்புங்கா. இவ சொல்லுதது பொய்யின்னா இன்னையோட படிப்ப நிறுத்திருதேன்.”

அவள் அழவில்லை. “பதினொண்ணால வகுத்துப் பாருங்க டீச்சர்.”

எல்லோரும் பார்க்க வகுத்தேன். 9,09,091 வந்தது. மீதி இல்லை.

மூன்றாலும் ஏழாலும் வகுத்துப் பார்த்ததோடு நான் நிறுத்தியிருந்தேன். இந்தப் பிள்ளைகளில் யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்புதான்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், மதிப்பெண்ணைத் திருத்தினேன். அந்த நினைப்பை மட்டும் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.