இந்த வார வானம்

துவைத்து உலர்ந்த துணியை முகத்தில் வைத்தால் சோப்பு வாசனைக்கு முன்னால் இரும்பு வாசனைதான் வரும். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த தெருவில் அதுதான் சுத்தமான துணியின் வாசனை. தெருவுக்கு மேற்கே இரும்பு உருக்கும் ஆலையின் இரண்டு புகைபோக்கிகள், கிழக்கே கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கடல். "பொகை நம்மாண்ட வந்தா கரி, அந்தாண்ட போனா மழை" என்பாள் அம்மா. கடல்காற்று புகையை மேற்கே தள்ளினால் பின்னாலேயே மேகமும் வந்து சேரும் என்பது அவள் கணக்கு. அப்படிக் கொடியில் கிடந்த துணியை அவள் அள்ளிக்கொண்டு ஓடிய நாட்களில் பெரும்பாலும் மழை பெய்திருக்கிறது.

ஏழாம் வகுப்பில் மேகங்களைப் பற்றிய பாடம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கீற்று, திரள், படை, கார்படை என்று மனப்பாடம் செய்து, தெருமுனைச் சுவரில் இளைஞர் மன்றத்துக்காரர்கள் கறுப்புச் சாயம் அடித்து வைத்திருந்த போர்டில் ஞாயிறுதோறும் "இந்த வார வானம்" என்று எழுத ஆரம்பித்தேன். பாதி புத்தகம், பாதி அம்மாவின் புகை. நாலைந்து வாரம் பலித்துவிடவே, பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா, "இன்னா மேடம், மொளகா காய வெக்கலாமா?" என்று கேட்பார், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் ஆசையாகவும் இருக்கிறது.

அந்த வருடம் ஆயுத பூஜை வாரத்தில் ஆலையைப் பராமரிப்புக்காக மூடினார்கள். அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த நைனாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு வாரம் முழுதாக விடுமுறை கிடைத்தது. சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் பத்து வருடம் வெந்த பிறகு அவர் கட்டிக்கொண்டிருந்த இரண்டு அறை வீட்டுக்குத் தளம் போட அதைவிட நல்ல வாரம் வராது. ஆனால் கான்கிரீட் இறுகுவதற்குள் மழை அடித்தால் சிமெண்ட் கரைந்து ஓடிவிடும், அத்தனையும் வீண்.

ஞாயிறன்று நான் வானத்தைப் பார்த்தேன். புகையே இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்திராத நீலம். ஓரமாக இறகு போல நாலு கீற்று மேகங்கள் மட்டும். வானிலை மாறப்போவதற்கு அவை முன்னறிவிப்பாக இருக்கலாம் என்று பாடத்திலேயே இருந்தது. ஆனால் சாய்வதற்குப் புகையே இல்லாதபோது மழை எங்கிருந்து வரும் என்று நினைத்து, "வாரம் முழுவதும் தெளிவான வானம்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். நைனா போர்டை இரண்டு முறை படித்துவிட்டு, அங்கிருந்து நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போய் வியாழக்கிழமைக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

வியாழன் மதியம் கடைசிச் சட்டி கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் பார்த்து அரை மணி ஆகவில்லை, கிழக்கே கறுத்துக்கொண்டு வந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. எஸ்தர் அக்கா தேவாலயத்துப் பந்தலின் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிவர, தெருவே மேலே ஏறி நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு மூலைக்கு மட்டும் தார்ப்பாய் எட்டவில்லை. அங்கே நைனா குனிந்து, தன் முதுகால் மழையைத் தடுக்கப் பார்த்தார். அதைக் கீழேயிருந்து பார்த்த நான் தெருமுனைக்கு ஓடி, மழை விட்டுவைத்திருந்த எழுத்துகளைப் பாவாடையால் துடைத்தேன்.

தளம் பிழைத்தது, அந்த மூலை மட்டும் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் ஆனது. அடுத்த ஞாயிறு நான் வெளியே தலைகாட்டவில்லை. நைனாதான் சாக்பீஸோடு வந்தார்.

"வா, எழுது. எஸ்தரு கேட்டுக்கினு கீது."

"நான் எழுதுனதாலதான நைனா…"

"நான் மட்டும் இன்னா, வானத்த பாக்காமயா இருந்தேன்? கம்பெனி மூடிக்கினா மழையும் லீவுன்னு நானும்தான் நென்ச்சேன்."

அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு போர்டு வரை அழுதுகொண்டே போனேன்.

இப்போது நான் திருநின்றவூரில் அடுக்குமாடியில் இருக்கிறேன். போர்டு இருந்த சுவரை இடித்துக் கைப்பேசிக் கடை வந்துவிட்டது. ஆலைக்கு வடிகட்டி போட்டுவிட்டார்கள், புகை கண்ணில் படுவதில்லை. நல்லதுதான், அம்மாவுக்குத்தான் காற்றின் திசை தெரிவதில்லை. அவர்கள் இருக்கும் அதே வீட்டில் அந்த மூலை மட்டும் இன்னும் ஒழுகுகிறது.

போன ஞாயிறும் வழக்கம்போல நைனா போனில் கேட்டார்: "இந்த வாரம் இன்னாம்மா?" கைப்பேசியைப் பார்த்து, மழை இல்லை என்று சொன்னேன்.

"அது என் போன்லயும்தான் கீது. நீ வெளிய போயி பாத்துச் சொல்லு."

பால்கனிக்குப் போனேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தெரிந்த வானத்தில், இறகு போல நாலு கீற்றுகள்.

"நைனா, அந்த மூலைல வாளிய வெச்சுடு."

"வெச்சாச்சி," என்றார்.