சாரலையும் சேர்த்து எடை போட்டோம்

சாரல் மாதங்களில் எங்கள் கடை தண்ணீரை எடை போட்டு விற்றது. போட்டவன் நான். தராசு பிடிப்பவன் முள்ளைப் பார்த்தால் போதும், மூட்டையைப் பார்க்கக் கூடாது. பலசரக்குக் கடையில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். தென்காசியில் எண்ணி எண்ணிச் செலவு செய்து குடும்பம் நடத்திய எல்லோருக்கும் இதில் நஷ்டம் உண்டு. உங்கள் வீட்டுக்கும் இருக்கும். கோபப்படுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேற்கு ஜன்னல்

ஆனி பிறந்தால் குற்றாலத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். மற்ற கடைகளில் மேற்கு ஜன்னலை அடைப்பார்கள். எங்கள் முதலாளி திறப்பார். அதற்கு நேர் கீழே மிளகாய் வத்தல் மூட்டையை வாய் அவிழ்த்து வைக்கச் சொல்வார். இரண்டே நாளில் வத்தல் ஈரம் குடித்துத் துவண்டுவிடும். மூட்டை கனக்கும்.

"நனையுது மொதலாளி" என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"சாரல சாமி குடுக்குது. நாம என்ன கொடத்துல மொண்டா ஊத்துதோம்? நீ முள்ளப் பாருலே."

காகிதத்துக்குச் சண்டை

குற்றாலத்திலிருந்து ஒருவர் வருவார். பஸ்ஸுக்குக் கொடுக்க மனமில்லாமல் நடந்தே வருவார். துவரம்பருப்பில் கல் இருக்கிறது என்பார். புளியில் கொட்டை இருக்கிறது என்பார். பொட்டலம் கட்டும் காகிதத்தையும் சேர்த்து எடை போடுகிறேன் என்று கடை முழுக்கக் கேட்கும்படி என்னைத் திருடன் என்பார். காகிதத்தை உருவிவிட்டுப் போடுவேன். கடைசியில் ஒரு துண்டு வெல்லத்தைக் கொசுறாகப் பிடுங்கிக்கொண்டுதான் நகர்வார்.

காகிதத்தைப் பார்த்தவர் வத்தலைப் பார்க்கவில்லையா? பார்த்தார். ஒன்றை எடுத்து வளைத்தார். ஒடியவில்லை. ஒடிந்தால் பழசு, வளைந்தால் புதுசு. இவர் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் நம்பியது. நனைந்த சரக்கைத் தேடி வந்து வாங்கினார்கள். யாரிடம் போய் முட்டிக்கொள்ள? மனுஷன் அன்றைக்குப் பேரமே பேசவில்லை. முகமெல்லாம் பல்.

"புதுச் சரக்குல்லா! வேய், வேற எவனும் அள்ளிட்டுப் போறதுக்குள்ள எனக்கு ரெண்டு கிலோ போடும்!"

சார்வாள் வாங்கிய தராசு

பலமும் வீசையும் போய்க் கிலோ வந்த புதிது. புது எடைக்கல்லில் கடைக்காரன் ஏமாற்றுவான் என்று பள்ளிக்கூடத்துச் சார்வாள் ஒருவர் சொந்தமாகக் கைத்தராசு வாங்கினார். வாங்கட்டும். சாமான் வந்த அன்றைக்கே போட்டுப் பார்த்திருந்தால் சரியாக இருந்திருக்கும். இவர் பார்த்தது நாலு நாள் கழித்து. அதற்குள் அவர் மனைவி செண்பகவடிவு, பூசணம் பிடிக்காமலிருக்க வத்தலை அடுப்புக்கு மேலே முறத்தில் உலர்த்தி டப்பாவில் அடைத்துவிட்டாள். ஒரு கிலோவில் நூறு கிராமைக் காணோம்.

கடைக்காரனைப் பிடிக்க வாங்கிய தராசில் பெண்டாட்டியைப் பிடித்தார் அந்தப் படித்த மனுஷன். சுரண்டையிலிருக்கும் பிறந்த வீட்டுக்குக் கடத்துகிறாளாம். சாமான் பெட்டிச் சாவியை அவள் இடுப்பிலிருந்து வாங்கித் தன் அரைஞாணில் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் கிளம்புமுன் அன்றைய குழம்புக்கு எத்தனை வத்தலோ அத்தனையை எடுத்து வெளியே வைப்பாராம்.

அவள் கடைக்கு வந்து கேட்டாள். முதலாளி பக்கத்தில் இருந்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க போட்ட எடை சரிதான் அண்ணாச்சி, நானும் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். அப்போ அந்த நூறு கிராம எங்க வீட்டுப் பூனையா தின்னுட்டு?"

காப்பிக்கடை அடுப்பு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார்வாளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கடை நிறைய ஆள். குற்றாலத்துக்காரரும் நின்றார். அரைக்கிலோ வத்தல் கேட்டாள். போட்டேன். சார்வாள் குனிந்து முள்ளைப் பார்த்துச் சரி என்றார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்துக் காப்பிக்கடையில் நுழைந்தாள். அடுப்போரம் தட்டில் வத்தலைப் பரப்பிக் கிளற ஆரம்பித்தாள். சார்வாளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள், கண்ணெடுக்கக் கூடாதென்று. காப்பி குடிக்க வந்தவனெல்லாம் தும்மினான். வைதான். அவள் அசையவில்லை. ஒரு மணி நேரம். வத்தல் கலகலத்ததும் கொண்டுவந்து என் தட்டில் கொட்டினாள்.

கல் இருந்த தட்டு தொம்மென்று இறங்கியது. வத்தல் பக்கம் ஐம்பது கிராம் கல்லை வைத்த பிறகுதான் முள் நேரானது. குற்றாலத்துக்காரர் தன் பொட்டலத்தை வெறித்துப் பார்த்தார். அவள் புருஷன் முன்னால் கையை நீட்டினாள்.

"ஒங்க கண்ணு முன்னாலதான அம்பது கிராம் போச்சு? சுரண்டைக்கு எந்த பஸ்ல போச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க. இப்போ சாவியக் குடுங்க."

கொடுத்தார். அங்கேயே, எல்லாரும் பார்க்க, அரைஞாணைத் தடவி அவிழ்த்து. அதற்குப் பிறகு வத்தல் வாங்க வந்த ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்து வளைத்தார்கள். ஒடியாவிட்டால் அடுத்த கடைக்குப் போனார்கள்.

முதலாளிக்கு வெட்கம் வரவில்லை, சார்வாளுக்குப் புத்தி வரவில்லை, எல்லாம் தெரிந்த எனக்கு வாய் வரவில்லை. அந்த மேற்கு ஜன்னலைச் சாத்த வைத்தது செண்பகவடிவு.