துண்டில் மடித்த யானை

மூணாம் மாடி அக்கா இப்போதெல்லாம் துண்டில் யானை மடிப்பதில்லை. அன்னம் மடிக்கிறாள், முயல் மடிக்கிறாள், மேற்பார்வையாளர் கேட்டால் ஆமைகூட மடித்து வைக்கிறாள். யானை மட்டும் கிடையாது. "ஏன்க்கா, கை மறந்துபோச்சா?" என்று கீழ்த்தளத்துப் பெண்கள் சீண்டினால், "ஆமா, வயசாகுதுல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குள் நுழைந்துவிடுகிறாள். இருபத்தாறு வருடம் மடித்த கை அப்படியொன்றும் மறந்துவிடாது. அது அவளுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே நான்கு மாடி ஹோட்டல் அது. மூன்றாம் மாடியின் பதினான்கு அறைகளும் அவள் பொறுப்பு, அதனால்தான் அந்தப் பெயர். விரிப்பைச் சுருக்கம் விழாமல் இழுத்துச் செருக வேண்டும். தலையணையைத் தட்டி நிமிர்த்த வேண்டும். கால்மாட்டில் துண்டு யானை உட்கார வேண்டும். கடைசியாக, தலையணைக்கு ஒன்றாக ஓர் ஆரஞ்சுப் பழம். முதலாளிக்கு இதை யார் ஓதினார்களோ தெரியாது, பழம் வைக்காத படுக்கை விரித்த படுக்கையாகாது என்பது அங்கே சட்டம். ஒருமுறை வேலை முடிந்து பஸ்ஸில் பாதி வழி போனவள், ஓர் அறையில் பழம் வைத்தோமா என்ற சந்தேகத்தில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறாள். வைத்துத்தான் இருந்தாள்.

ஆயிரக்கணக்கில் யானை மடித்தவள் உயிருள்ள யானையைப் பார்த்ததே இல்லை. சாமான் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒருநாள் தங்க வந்த குழந்தை ஒன்று, "இது யானையே இல்ல, காது பன்னிக்காது மாதிரி இருக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. சிரித்துவிட்டு வந்தாள். வந்தவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இதைச் சொன்னால் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஓர் அறையில் ஒருவருடைய கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. துடைப்பதற்காக எடுத்ததை அவர் மனைவியின் கண்ணெதிரிலேயே மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மேலாளர் முன்னால் அந்த அம்மாவிடம் கெஞ்சினாள். "நீங்க பார்த்தீங்களேம்மா, மேஜை மேலதானே வச்சேன்?" கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த அந்த அம்மா திரும்பக்கூட இல்லை. "நான் கவனிக்கல" என்றாள். ஒரு மாதம் வேலை இல்லை. அப்புறம் கடிகாரம் அவர்கள் பெட்டியிலேயே இருந்ததாகத் தகவல் வந்து வேலையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தச் சீப்பையும் அந்த முதுகையும் அவள் மறக்கவில்லை. படுக்கப் போகும்போது அந்த அம்மாவைத் திட்டிவிட்டுப் படுப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்த புதிது. ஒருநாள் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து நின்றாள். குறைந்த செலவில் காட்டுப் பயணம், மூன்று ராத்திரி, கூடாரத்தில் தங்கல்.

"அம்மா, உனக்கு நிஜ யானை காட்டப் போறேன். அங்க நீ ஒரு வேலையும் செய்யக்கூடாது. நீதான் கெஸ்ட்டு."

குறைந்த செலவு என்றால் என்னவென்று போய் இறங்கியதும் தெரிந்தது. கூடாரத்தை அவரவரே அடித்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் முறை வைத்துக் கழுவ வேண்டும். கழிப்பறை என்பது தார்ப்பாய்க்குப் பின்னால் ஒரு குழி. மகள் கூடாரக் கம்பியோடு மல்லுக்கட்டி வியர்த்து விறுவிறுத்துப் போனாள். "நல்ல கெஸ்ட்டு ஆக்குனே போ" என்று அம்மா கேலி செய்தாலும், அவள்தான் நாலே இழுப்பில் துணியை விறைப்பாக நிறுத்தினாள்.

மொத்தம் ஆறு பேர், மூன்று கூடாரம். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஒரு பள்ளி ஆசிரியையும் அவள் அக்காவும், பிறகு இவர்கள். ஆசிரியை விசாரித்தபோது, "அம்மா ஹோட்டல் லைன்ல இருக்காங்க" என்றாள் மகள். "ஓ, மேனேஜரா?" என்றாள் ஆசிரியை. மகள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நிமிடத்திலிருந்து எல்லாருக்கும் அவள் மேடம். கூச்சத்தில் உடம்பு குறுகியது. பிடித்தும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

லாரியை ஓட்டி வந்தவரே காட்டையும் காட்டுகிறவர். முதல் நாளே எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"கூடாரத்துக்குள்ள திங்கிற சாமான் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு பிஸ்கட் துண்டுகூட வேண்டாம். எல்லாத்தையும் சமையல்காரர்கிட்ட குடுத்துடுங்க, இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டிடுவார். யானைக்கு மூணு மைல் தள்ளி இருந்தாலும் வாசனை தெரியும்."

மூணாம் மாடி அக்காவும் மற்றவர்களோடு தலையாட்டினாள். அவள் பையில் ஆறு ஆரஞ்சுப் பழம் இருந்தது. இரண்டு தலையணை, மூன்று ராத்திரி, ஆக ஆறு. பஸ் நிலையத்தில் பொறுக்கி வாங்கியது. ஆயுசில் ஒருதடவையாவது பழம் வைத்த படுக்கையில் தானும் மகளும் படுக்க வேண்டும் என்று ஆசை. ஓட்டுநர் சொன்னது காதில் விழவில்லையா என்றால், விழுந்தது. ஆனால் அவளைப் பொறுத்தவரை ஆரஞ்சுப் பழம் திங்கிற சாமானே இல்லை. சோப்பு, சீப்பு, துண்டு, பழம், எல்லாம் ஒரே வண்டியில் போகிற அறைச் சாமான். இருபத்தாறு வருடத்தில் அதில் ஒரு சுளையை அவள் வாயில் போட்டதில்லை.

முதல் ராத்திரி கூச்சத்தில் பழத்தை வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. தகரக் கொட்டகைக்குப் போய்ப் பாத்திரம் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். சமையல்காரர் ஐம்பதைத் தாண்டியவர். ஒரு முழங்கால் மடங்காது.

"மேடம், வைங்க. இன்னைக்கு உங்க முறை இல்ல."

"கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் தட்டைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து அடுக்கினாள்.

"அக்கா, இது வேலை பார்த்த கை."

அவளுக்கு முகம் சிவந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? யானைகிட்டயா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தப் பயணத்தில் அவள் மனசுவிட்டுச் சிரித்தது அப்போதுதான். அவர் மீதியை எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு கொக்கியையும் மாட்டிப் பூட்டினார். பூட்டை ஒருதடவை இழுத்தார். இன்னொரு தடவையும் இழுத்தார்.

"ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி. என் சம்சாரம் திட்டுவா."

"நானும் ரூம் கதவை அப்படித்தான் இழுப்பேன்" என்றாள் அவள்.

சாயங்காலச் சவாரிக்கு எல்லாரும் புதர்களுக்கு அப்பால் நின்ற லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் மட்டும் முகாமில் இருப்பார். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று அவள் திரும்பி ஓடினாள். கூடாரத் துணி காற்றில் விலகியிருந்தது. உள்ளே படுக்கைகள் கசங்கிக் கிடந்த கிடையைப் பார்த்தாள். மூன்று கூடாரமும் அதே லட்சணம். அவள் கைக்கு அது பொறுக்கவில்லை. மேலாளர் மேடம் என்று கூப்பிடுகிறார்களே, பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்றும் தோன்றியிருக்கும். படபடவென்று மூன்றையும் விரித்தாள். கொடியில் காய்ந்த துண்டுகளை உருவி மூன்று யானை மடித்து உட்கார வைத்தாள். தலையணைக்கு ஒரு பழம். ஆறும் சரியாக இருந்தது. கூடாரங்களை மூடிவிட்டு, மூச்சு வாங்க வந்து லாரியில் ஏறினாள். திரும்பி வந்து பார்க்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

இரண்டு மணி நேரம் சுற்றியும் மான்தான் கண்ணில் பட்டது. முகாமுக்குத் திரும்புகிற வழியில் ஓட்டுநர் சட்டென்று லாரியை நிறுத்தினார்.

"அம்மா, அம்மா, யானை!"

பாதையைக் கடந்து ஒற்றை யானை போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. காதைத்தான் முதலில் பார்த்தாள். அடியில் கூம்பி, மேலே மடிந்து, எவ்வளவு பெரியது! அந்தக் குழந்தை சொன்னது சரி. இத்தனை வருடமும் தப்பாகத்தான் மடித்திருக்கிறோம். "பாத்தியாம்மா?" என்று மகள் தோளை உலுக்கினாள். புது மாப்பிள்ளை படம் எடுத்துக்கொண்டே, "அதோட தந்தத்துல ஏதோ வெள்ளையாத் தொங்குதே" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஓட்டுநர் சிரிக்கவில்லை. அவர் லாரியைக் கிளப்பினார்.

முகாமில் இரண்டு கூடாரம் கிழிந்து தரையோடு கிடந்தது. தகரக் கொட்டகையின் ஒரு பக்கம் இல்லை. இரும்புப் பெட்டி, பூட்டியிருந்ததா திறந்திருந்ததா என்று கண்டுபிடிக்க முடியாதபடி நசுங்கி, வாயைப் பிளந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சமையல்காரர் மல்லாந்து கிடந்தார். தட்டைத் தட்டி விரட்டப் பார்த்திருக்கிறார். மடங்காத காலோடு ஓட முடியவில்லை. யானை அவரை மிதிக்கவில்லை, திரும்பும்போது உடம்பால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்றார்.

புது மாப்பிள்ளை பலகை தேடி ஓடினான். ஓட்டுநர் கிழிந்த கூடாரத்துக்குள்ளிருந்து ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கி எடுத்தார். அவள் பஸ் நிலையத்தில் பொறுக்கி வாங்கிய பழத்தின் தோல். விழாமல் நின்ற தங்கள் கூடாரத்துக்குள் மகள் எட்டிப் பார்த்தாள். உள்ளே துண்டு யானை அப்படியே உட்கார்ந்திருந்தது. மகள் ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். வெளியே வரும்போது அவள் கையில் மடிப்புக் கலைந்த துண்டு இருந்தது, சுடிதார் பாக்கெட்டுகள் புடைத்திருந்தன. துண்டைக் கொடியில் காயப்போட்டாள்.

"யாராவது பழம் உள்ள கொண்டுபோனீங்களா?" என்று ஓட்டுநர் கேட்டார். ஆசிரியை இல்லை என்றாள். ஜோடி இல்லை என்றது. அவர்களுக்கு அது உண்மை.

"அப்ப பெட்டியில இருந்த பழந்தான். பெட்டி திறந்து கிடந்திருக்கு, குரங்கு எதுவும் தூக்கிப் போட்டிருக்கும், அந்த வாசனைக்கு இது வந்திருக்கு." ஓட்டுநர் கெட்டவர் இல்லை. குரல் இறங்கித்தான் பேசினார். "அண்ணே, நான் ரிப்போர்ட் எழுதணும். பெட்டியப் பூட்டாம விட்டிருந்தா அது உங்க தப்பு, கம்பெனி கைகழுவிடும். பூட்டியிருந்தீங்கன்னா வைத்தியமும் பார்க்கணும், வேலையும் தரணும். பூட்டுனீங்களா?"

"பூட்டுனேன்யா. ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்."

"பார்த்தவங்க யாராவது?"

சமையல்காரரின் முகம் தெளிந்தது. அந்த வலியிலும் தெளிந்தது. தலையைத் திருப்பி அவளைத் தேடினார்.

"அக்கா பார்த்தாங்க. பக்கத்துலதான் தட்டுத் துடைச்சிட்டு நின்னாங்க. சொல்லுங்கக்கா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பூட்டினார் என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் பழம் எங்கிருந்து வந்தது என்பது. அதற்கடுத்தது, மேனேஜர் மேடம் எதற்காக அடுத்தவர் படுக்கையை விரித்தாள் என்பது. ஆசிரியை காத்திருந்தாள். மகள் கொடியில் தொங்கிய துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நான் கவனிக்கல" என்றாள் அவள்.

தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே ஒரு நொடி தெரியவில்லை. குரல் அந்த அம்மாவின் குரல். பதினொரு வருடம் திட்டித் தீர்த்த குரல். திரும்பச் சொல்லிவிடலாம், இல்லை, பார்த்தேன் என்று. ஓட்டுநர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்.

சமையல்காரரைப் பலகையோடு தூக்கி லாரியில் கிடத்தினார்கள். இனி அங்கே தங்க முடியாது, எல்லாரும் அதே லாரியில்தான் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்கு இரண்டரை மணி நேரம். மூணாம் மாடி அக்கா தன் தலையணையை எடுத்து வந்தாள். தட்டி நிமிர்த்தினாள். மெதுவாக அவர் தலையைத் தூக்கி, சுருக்கம் விழாமல் அடியில் வைத்தாள். அது கொஞ்சம் கோணலாகிவிட்டது. சரிசெய்யப் போனாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"பரவாயில்ல மேடம்" என்றார்.