ஓடுகிற லிஃப்டுக்குத்தான் சோதனை

வீட்டில் இளையவள் லிஃப்ட் மெக்கானிக். அம்மாவையும் பெரியம்மாவையும் மார்பகப் புற்றுநோய் கொண்டுபோனதால், தானே போய் மரபணுச் சோதனை செய்துகொண்டாள். நோய் இல்லை; ஆனால் அதை வரவழைக்கக்கூடிய கோளாறு அம்மா வழியில் இவளுக்கும் இறங்கியிருந்தது. இனி வருடாவருடம் ஸ்கேன். சொந்தக்காரப் பெண்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

தாய்மாமா மகளோடு வந்து குதித்தார். "இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்துல தம்பட்டமா? நல்லா இருக்கிற உடம்பை எதுக்கு நோண்டுறே?"

"ஓடுற லிஃப்டைத்தான் மாமா சோதிப்பாங்க. அறுந்து விழுந்ததை இல்ல."

"இது பொம்பளைங்க நோய். எனக்கென்னடி?"

"அம்மாகூடப் பிறந்தவர்தானே நீங்க? உங்க ரத்தத்துலயும் இருக்கலாம், உங்க வழியா இவளுக்கும் வந்திருக்கலாம். முதல்ல நீங்க சோதனைக்குக் கையை நீட்டுங்க."

மாமா செருப்பைத் தேடினார். மகள் நகரவில்லை.

"அப்பா வரலைன்னா போகட்டும் அக்கா. நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."